நிலத்தை விற்ற அய்லு: ஆண்டீஸ் மலையூர் சின்ச்சேரோ பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

2019-ஆம் ஆண்டின் முதற்பாதியில், பெரு நாட்டின் குஸ்கோ பகுதியில் கடல்மட்டத்துக்குச் சுமார் 3,760 மீட்டர் மேலே அமைந்த சின்ச்சேரோ என்னும் சிற்றூரின் ஓரத்தில் மண்வாரி இயந்திரங்கள் வேலையைத் தொடங்கின. மாச்சு பிச்சு என்ற பழைய மலைநகரைக் காண வருவோரை நேராக அந்த மேட்டுநிலத்தில் இறக்கிவிடும் ஒரு சர்வதேச விமான நிலையத்துக்காக நிலம் சமப்படுத்தப்பட்டது. சில வாரங்களுக்குள் பெருவிலும் வெளிநாடுகளிலும் உள்ள வரலாற்றாய்வாளர்களும் தொல்லியலாளர்களும் மானுடவியலாளர்களும் வேலையை நிறுத்தக் கோரி, குடியரசுத் தலைவருக்கு விண்ணப்பம் எழுதிக் கையொப்பம் திரட்டினர். ஸ்பானியருக்கு முன் ஆண்டீஸை ஆண்ட இன்கா மன்னர்களின் நிலம் சிதைக்கப்படுகிறது என்று உலகச் செய்தித்தாள்கள் எழுதின. அவற்றைப் படித்தவருக்குக் கதை எளிதாகவே தோன்றியிருக்கும்: ஒரு பக்கம் பூர்வகுடிகள், மறுபக்கம் அரசும் ஒப்பந்தக்காரர்களும்.

ஆனால் அந்த நிலம் பறிக்கப்பட்டதல்ல. அதன் பெரும்பகுதியை வைத்திருந்த பூர்வகுடிச் சமூகமே சில ஆண்டுகளுக்கு முன் அதை விற்றிருந்தது. ஊர்மக்களில் பலர் விமான நிலையம் வேண்டும் என்றனர். எதிர்ப்புக் குரல்களில் உரத்தவை வெளியிலிருந்து வந்தன. பூர்வகுடி ஊர் என்றாலே தொன்மையைக் காக்கும் ஊர் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது சங்கடமான செய்தி. அந்தச் சங்கடத்திலிருந்து தொடங்குவதே நேர்மை என்று கருதுகிறேன். சின்ச்சேரோவின் பூர்வகுடித் தன்மை அதன் கற்சுவர்களைவிட, கூடிப் பேசி முடிவெடுக்கும் அய்லு என்னும் அமைப்பில்தான் அதிகம் தங்கியிருக்கிறது என்பதும், அந்த அமைப்பு ஒவ்வொரு காலத்திலும் வலியவரோடு பேரம் பேசியே பிழைத்து வந்துள்ளது என்பதும், இம்முறை பேரத்தில் வைக்கப்பட்ட பொருள் அந்த அமைப்பின் அடித்தளமாகவே இருந்தது என்பதும் இந்த ஆய்வின் வாதம்.

மேட்டுநிலமும் உருளைக்கிழங்கும்

குஸ்கோ நகரிலிருந்து வடமேற்கே சாலைவழியாகச் சுமார் 30 கிலோமீட்டர் சென்றால் சின்ச்சேரோ வருகிறது. மாவட்டம் முழுவதையும் சேர்த்தால் மக்கள்தொகை பத்தாயிரத்தை ஒட்டி இருக்கும். வடக்கே நிலம் சட்டென்று இறங்கி உருபாம்பா ஆற்றுப் பள்ளத்தாக்கில் முடிகிறது; அதற்கு அப்பால் சிக்கோன், வெரோனிகா ஆகிய பனிமுகடுகள் நிற்கின்றன. ஊருக்கு அருகிலுள்ள அந்தாகில்கா மலையை மக்கள் அப்பு என்று அழைக்கின்றனர். அப்பு என்றால் இப்பகுதியின் பூர்வகுடி மொழியான கெச்சுவாவில் தலைவன், மலையில் உறையும் காவல் தெய்வம். பியுராய், வய்ப்போ என்ற இரண்டு ஏரிகள் இந்த மேட்டுநிலத்தில் உள்ளன. பியுராயை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அது பின்னால் மீண்டும் வரும்.

இந்த உயரத்தில் மக்காச்சோளம் நன்றாக வராது. உருளைக்கிழங்கு, ஓகா, ஒய்யூக்கோ போன்ற கிழங்குகளும் வாற்கோதுமையும் மொச்சை வகையும்தான் பயிர்கள். ஜூன், ஜூலை மாதங்களின் உறைபனி இரவுகளை மக்கள் வீணாக்குவதில்லை. கசப்புக் கிழங்குகளை இரவில் புல்தரையில் பரப்பி உறைய விடுகின்றனர். பிறகு சில வாரங்கள் ஓடும் நீரில் ஊறவைக்கின்றனர். எடுத்து, வெறுங்காலால் மிதித்துத் தோலும் நீரும் போகச் செய்து, வெயிலில் காயவைக்கின்றனர். இறுதியில் கிடைப்பது மொராயா: சுண்ணாம்புக் கட்டிபோல் வெளுத்து, எடை குறைந்து, ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும் கிழங்கு. ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வருவோர் மக்காச்சோளமும் பழங்களும் கோக்கா இலையும் கொண்டுவருவர். மேட்டுநிலத்தார் கிழங்கையும் மொராயாவையும் கொடுத்து அவற்றை வாங்குவர். பணம் புழங்காத இந்தப் பண்டமாற்று இப்போது சுருங்கிவிட்டாலும் முற்றாக மறையவில்லை. சந்தையின் மற்றொரு பாதி முழுக்கச் சுற்றுலாப் பயணிகளுக்கானது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

யாருடைய வேர்?

சின்ச்சேரோவை இன்கா ஊர் என்று வழிகாட்டிகள் சொல்வர். அது பாதி உண்மை. இன்கா அரசு விரிவதற்கு முன் இப்பகுதி அயர்மாக்கா என்ற இனத்தாரின் ஆளுகையில் இருந்தது. குஸ்கோவின் தொடக்ககால மன்னர்களுக்கு அவர்கள் நெடுநாள் போட்டியாளர்கள். அவர்கள் பணியவைக்கப்பட்ட பிறகு, 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், துபாக் இன்கா யுபாங்கி என்ற பேரரசன் இங்கே தன் சொந்த மாளிகையையும் தோட்டத்தையும் அமைத்தான். ஊரின் திறந்த வெளிக்கு ஒருபுறம் நிற்கும் நெடுஞ்சுவரும், அதில் வரிசையாகக் குடையப்பட்ட ஆள் உயரச் சரிவக மாடங்களும், சரிவில் இறங்கும் அகன்ற படிக்கட்டு வயல்களும், இருக்கையும் படியும் வாய்க்காலுமாகச் செதுக்கப்பட்ட பெரும்பாறைகளும் அவனுடைய பணியே. அவன் இங்கேயே இறந்ததாக 16-ஆம் நூற்றாண்டு எழுத்துகள் கூறுகின்றன. ஸ்பானியர் வந்து சேர்ந்த வேளையில் நடந்துகொண்டிருந்த வாரிசுப் போரில், இன்கா அரியணைக்குப் போட்டியிட்ட அத்தவால்பாவின் படைத்தலைவர்கள் துபாக் இன்காவின் குடிவழியினரைக் கொன்று, அவனுடைய பதப்படுத்திய உடலையும் எரித்தனர். அவனுடைய மரபை முதலில் அழித்தவர்கள் ஸ்பானியர் அல்லர் என்பது கவனிக்கத்தக்கது.

ஆகவே மாளிகையைக் கட்டிய மன்னனும் இந்த மண்ணுக்கு வெளியிலிருந்து வந்தவனே. கட்டுவதற்குக் கல் சுமந்தவர்களும் அதைச் சுற்றிப் பயிர்செய்தவர்களும் வேறு மக்கள். அவர்களைச் சேர்த்து வைத்திருந்த அமைப்புதான் அய்லு. உறவுமுறையும் பொது மூதாதை நினைவும் பொது நிலமும் கூட்டுழைப்பும் ஒன்றாகப் பின்னிய குழு அது. ஒரு குடும்பம் மற்றொரு குடும்பத்தின் வயலில் இன்று உழைத்தால் நாளை அதே உழைப்பு திரும்பி வரும். அதற்கு அய்னி என்று பெயர். வாய்க்கால் தூர்வாருதல், பாதை செப்பனிடுதல் போன்ற பொதுவேலைக்கு வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும். அதை இப்போது ஸ்பானியச் சொல்லால் ஃபயேனா என்கின்றனர். அய்யோபோங்கோ, குபீர், யனகோனா ஆகியவை ஊரை ஒட்டிய அய்லுக்கள். இவற்றுள் யனகோனா என்ற பெயர் தனியாக நிறுத்திப் பார்க்கத்தக்கது. இன்கா காலத்தில் யனகுனா எனப்பட்டோர் தம் சொந்த அய்லுவிலிருந்து பிரிக்கப்பட்டு மன்னனுக்கும் பெருங்குடியினருக்கும் நேரடியாகப் பணிசெய்தவர்கள். அய்லு அற்றவர்களின் பெயரை ஓர் அய்லு தாங்கி நிற்கிறது. நிலத்தின் பெரும்பகுதியை விமான நிலையத்துக்கு விற்றதும் இதே யனகோனாதான்.

1570-களில் ஸ்பானிய வைஸ்ராய் பிரான்சிஸ்கோ தெ தொலேதோ ஆண்டீஸ் முழுவதும் சிதறிக் கிடந்த குடியிருப்புகளைக் கலைத்து, கட்டம் கட்டமான தெருக்களும் நடுவே தேவாலயமும் கொண்ட ஊர்களில் மக்களைக் கூட்டி அமர்த்தினார். வரி வசூலுக்கும் மதமாற்றத்துக்கும் கட்டாய உழைப்புக்கும் அது வசதி. இன்று நாம் சின்ச்சேரோ என்று காணும் ஊர் அந்தக் கொள்கையின் விளைவு. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்கா கட்டடத்தின் அடித்தளச் சுவர்கள்மீதே தேவாலயம் எழுந்தது. கீழே பிசிறின்றிப் பொருந்திய கல், மேலே வெள்ளையடித்த மண்சுவர்: இந்தக் காட்சியை வெற்றியாளனின் முத்திரை என்றே பலரும் வாசிப்பர். ஆனால் உள்ளே சென்றால் அந்த வாசிப்பு அவ்வளவு உறுதியாக நிற்பதில்லை.

அங்கே 1693-இல் பிரான்சிஸ்கோ சிவந்தித்தோ என்ற பூர்வகுடி ஓவியர் தீட்டிய மொன்சரா மாதாவின் ஓவியம் இருக்கிறது. மொன்சரா என்பது ஸ்பெயினின் கத்தலோனியாவில் உள்ள ரம்பப் பல் போன்ற மலை. படத்தில் குழந்தை இயேசு உண்மையாகவே ஒரு ரம்பத்தை வைத்து மலையை அறுத்துக்கொண்டிருக்கிறார். ஐரோப்பாவைப் பார்த்திராத ஓவியர் அந்த மலையைத் தீட்டியதோடு நிற்கவில்லை. அதே திரையில் சின்ச்சேரோவின் முற்றத்தையும், அதில் நடக்கும் ஊர்வலத்தையும், உள்ளூர்ப் பூர்வகுடிப் பெருமக்களையும் கொண்டுவந்து வைத்தார். கத்தலோனிய மாதாவுக்கு இந்த ஊரில் இடம் கொடுப்பவர்கள் தாங்களே என்று அந்தப் பெருமக்கள் சொல்வது போலவே எனக்கு அது தோன்றுகிறது.

பூமாவும் பாம்பும்

இந்த ஊரின் வரலாற்றில் மிகவும் தொல்லை தரும் மனிதர் மத்தேயோ பூமாகாவா. 1740-இல் இங்கே பிறந்தவர். பூர்வகுடித் தலைவர்கள் வகித்த குராக்கா பதவியில் இருந்தவர். 1780 நவம்பரில் துபாக் அமாரு என்று தம்மை அழைத்துக்கொண்ட ஹோசே கப்ரியேல் கொண்டோர்காங்கி, ஸ்பானிய ஆட்சிக்கு எதிராக ஆண்டீஸ் கண்ட மிகப் பெரிய எழுச்சியைத் தொடங்கியபோது, சின்ச்சேரோவின் ஆட்களைத் திரட்டிக்கொண்டு பூமாகாவா போய் நின்றது ஸ்பானியர் பக்கம். துபாக் அமாரு 1781 மே 18 அன்று குஸ்கோவின் பெருமுற்றத்தில் கொல்லப்பட்டார். அந்த வெற்றியைக் கொண்டாடும் சுவரோவியம் சின்ச்சேரோ தேவாலயத்திலேயே தீட்டப்பட்டது: அமாரு என்றால் கெச்சுவாவில் பாம்பு, ஓவியத்தில் பூமாகாவாவின் பெயரைக் குறிக்கும் பூமா என்ற மலைச்சிங்கம், பாம்பு வடிவ விலங்கை வீழ்த்துகிறது, அருகில் சீசருடையதாகச் சொல்லப்படும் "வந்தேன், கண்டேன், வென்றேன்" என்ற இலத்தீன் வாசகம்.

எழுச்சிக்குப் பின் ஸ்பானிய அதிகாரம் இன்கா உடைகளையும் மன்னர் உருவப்படங்களையும் தடைசெய்தது. கெச்சுவாவை ஒழிக்க முயன்றது. தம் மக்களின் அடையாளத்தை நசுக்கிய ஆணைகளுக்கு வழிதிறந்த வெற்றியில் பூமாகாவாவுக்கும் பங்கு உண்டு. அவரைத் துரோகி என்று சொல்லிக் கடந்துவிடலாம் என்றால், 1814 குறுக்கே நிற்கிறது. அந்த ஆண்டு குஸ்கோவில் அங்குலோ சகோதரர்கள் தொடங்கிய கிளர்ச்சியில், எழுபது வயதைத் தாண்டிய பூமாகாவா ஸ்பானியருக்கு எதிராகப் படை நடத்தினார். 1815 மார்ச்சில் உமாச்சிரியில் தோற்று, சில நாட்களில் சிக்குவானியில் கொல்லப்பட்டார். பெருவின் விடுதலை முன்னோடிகள் பட்டியலில் இன்று அவர் பெயரும், அவர் எதிர்த்துப் போரிட்ட துபாக் அமாருவின் பெயரும் அருகருகே இருக்கின்றன.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அரசோடு நிற்பதா, எதிர்த்து நிற்பதா என்ற கேள்விக்குச் சின்ச்சேரோ ஒருபோதும் ஒரே விடையைச் சொன்னதில்லை. தன் நிலத்தையும் பதவியையும் எது காக்கும் என்று கணக்கிட்டே அது பக்கம் தேர்ந்தது. 2012-க்குப் பிறகு நடந்த நில விற்பனையை அதன் நீட்சியாகப் பார்த்தால் அது விநோதமாகத் தோன்றாது.

ஒரு பெயர் மாற்றத்தின் விலை

1969 ஜூன் 24 அன்று ஜெனரல் ஹுவான் வெலாஸ்கோவின் இராணுவ அரசு நிலச்சீர்திருத்தச் சட்டத்தை அறிவித்தது. அதுவரை 'இந்தியர் நாள்' என்று கொண்டாடப்பட்ட அதே தேதி 'உழவர் நாள்' ஆனது. பூர்வகுடிச் சமூகங்கள் சட்டத்தில் 'உழவர் சமூகங்கள்' ஆயின. இந்தியர் என்ற சொல் வசைச்சொல்லாக இருந்த நாட்டில் அது மரியாதை தரும் மாற்றமாகவே வரவேற்கப்பட்டது. 1975-இல் கெச்சுவாவும் ஆட்சிமொழி என்று அறிவிக்கப்பட்டது. பெரும்பண்ணைகள் உடைந்தன, சமூகங்களின் பொதுநிலத்தை விற்கவோ அடகு வைக்கவோ முடியாது என்ற பாதுகாப்பு தொடர்ந்தது.

அல்பெர்த்தோ ஃபுஜிமோரியின் ஆட்சியில் வந்த 1993-ஆம் ஆண்டு அரசியலமைப்பு அந்தப் பாதுகாப்பைத் தளர்த்தியது. 1995-இல் வந்த நிலச்சட்டம், மலைநாட்டிலும் காட்டுப்பகுதியிலும் உள்ள ஒரு சமூகம் தன் நிலத்தை விற்க விரும்பினால், மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கினர் பொதுச்சபையில் ஆதரவாக வாக்களிக்க வேண்டும் என்று விதித்தது. பாதுகாப்பு நீங்கிய இடத்தில் அய்லுவின் சபையே கடைசி வாயிற்காவல் ஆனது. வாக்கு பதிவுபெற்ற உறுப்பினருக்கு மட்டுமே என்பதால், இன்னும் தனிக்குடும்பமாகப் பதிவுபெறாத இளையோரின் வருங்காலத்தையும் பெற்றோரின் வாக்கே தீர்மானித்தது.

பெயர் மாற்றத்தின் விலை 2011-க்குப் பிறகு தெரிந்தது. பூர்வகுடிகளைப் பாதிக்கும் எந்த முடிவுக்கும் முன் அவர்களைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்ற சட்டத்தை அந்த ஆண்டு பெரு இயற்றியது. உடனே எழுந்த கேள்வி: மலைநாட்டு உழவர் சமூகங்கள் பூர்வகுடிகளா? சட்டத்தில் கையொப்பமிட்ட குடியரசுத் தலைவர் ஒயாந்தா உமாலாவே 2013-இல், மலைநாட்டில் இருப்பவை பெரும்பாலும் நிலச்சீர்திருத்தத்தால் உருவான உழவர் சமூகங்கள் என்ற பொருளில் பேசினார். மரியாதைக்காகச் சூட்டிய பெயரே உரிமையை மறுக்கும் வாதமாகத் திரும்பியது. சுற்றுலா விளம்பரத்தில் சின்ச்சேரோ இன்கா ஊர். நிலப்பத்திரத்தில் உழவர் சமூகம். இரண்டு பெயர்களையும் ஒரே அரசுதான் பயன்படுத்தியது.

இடுப்பில் கட்டிய தறி

நிலத்துக்கு அடுத்தபடியாக ஊரைத் தாங்குவது நெசவு. பெண்கள் நெய்வது இடுப்புத் தறியில். பாவின் ஒரு முனை தரையில் அறைந்த முளையிலோ தூணிலோ கட்டப்படும். மறுமுனை நெய்பவளின் இடுப்பைச் சுற்றிய வாரில் இணையும். உடலைப் பின்னுக்குச் சாய்த்தால் பாவு இறுகும், முன்னுக்கு வந்தால் தளரும். தறியின் ஒரு பாகம் நெய்பவளே. தக்களியில் முறுக்கிய ஆட்டுக் கம்பளி அல்லது அல்பாக்கா நூலைப் பாவாகச் சுற்றி, ஒவ்வோர் ஊடைக்கும் முன் எந்த நிற நூல் மேலே வர வேண்டும் என்று விரல்களால் பொறுக்கி எடுக்கின்றனர். பொறுக்குவது என்று பொருள்படும் பய்யாய் என்ற சொல்லே வடிவத்துக்கும் பெயர். தாளில் வரைந்த மாதிரி கிடையாது. எண்ணிக்கை மனத்தில் இருக்கிறது. லொராய்ப்போ என்ற வைர வடிவக் கோலத்தைக் கண்டால் அது சின்ச்சேரோ நெசவு என்று பிற ஊர்ப் பெண்கள் தயங்காமல் சொல்லிவிடுவர். சிறுமி முதலில் கற்பது ஹாகிமா என்ற விரலகலப் பட்டை. அதன் பிறகுதான் இடுப்புக்கச்சையும், தோளில் போர்த்தி ஊசியால் குத்திக்கொள்ளும் யிக்யாவும்.

1970-களில் செயற்கைச் சாயமும் அக்ரிலிக் நூலும் இதை ஏறக்குறைய விழுங்கிவிட்டிருந்தன. இதே ஊரில் பிறந்து நெசவு கற்ற நில்தா கய்யாஞௌபா, மூத்த பெண்களிடம் மறைந்துகொண்டிருந்த கோலங்களையும் சாயமுறைகளையும் மீட்கத் தொடங்கி, 1996-இல் குஸ்கோ மரபு நெசவு மையத்தை நிறுவியோரில் முதன்மையானவர் ஆனார். இன்று சின்ச்சேரோவின் தெருக்களில் குழுக்களாகவும் குடும்பங்களாகவும் நடத்தும் நெசவுக் கூடங்கள் பல. பேருந்து நின்றதும் காட்சி தொடங்கும். சக்த்தா என்ற வேரைத் துருவி நீரில் கலக்கினால் சோப்பைப் போல் நுரை பொங்கும். அழுக்குக் கம்பளி அதில் வெளுத்து எழும். கள்ளிச்செடியில் வளரும் கொச்சினீல் பூச்சியை உள்ளங்கையில் நசுக்கினால் இரத்தச் சிவப்பு. அதன்மேல் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் ஆரஞ்சு நிறம். ஊடையை இறுக்கப் பயன்படும், யாமா என்ற ஆண்டீஸ் சுமைவிலங்கின் எலும்பால் ஆன கருவியைத் தூக்கிக் காட்டி, "எதுவும் வாங்காமல் போன சுற்றுலாப் பயணியின் எலும்பு இது" என்று சொல்லிச் சிரிக்கவைப்பது அங்கே வழக்கமான நகைச்சுவை.

இந்தக் காட்சியைப் போலி என்று ஒதுக்கும் ஆய்வாளர்களோடு எனக்கு உடன்பாடில்லை. காட்டப்படும் நுட்பம் உண்மையானது. காட்டுபவர்கள் அதைத் தாயிடமும் பாட்டியிடமும் கற்றவர்கள். குறை வேறிடத்தில் இருக்கிறது. பேருந்தை எந்தக் கூடத்தின் முன் நிறுத்துவது என்பதைத் தீர்மானிப்பவர் வழிகாட்டி. அதற்குத் தரகு உண்டு. ஒரு யிக்யாவை நெய்ய வாரக்கணக்கு, சிலபோது மாதக்கணக்கு ஆகிறது. நின்று பார்ப்பவருக்கு அரைமணி நேரம். ஆகவே சுவரில் தொங்கும் சரக்கில் ஆலையில் வந்ததும் கலந்திருக்கும். எத்தனை பேர் வருகின்றனர், எவ்வளவு நேரம் தங்குகின்றனர் என்பதை ஊர் தீர்மானிப்பதில்லை. விமான நிலையம் என்ற சொல் பல நெசவாளர் காதில் இனிமையாக விழுந்ததற்கு இதுவும் காரணம்: பயணி குஸ்கோவில் இறங்கி இங்கே எட்டிப் பார்த்துச் செல்வதற்குப் பதிலாக, இங்கேயே இறங்குவான்.

விற்பனையும் அதன் பின்னும்

குஸ்கோவில் இப்போதுள்ள விமான நிலையம் சுமார் 3,300 மீட்டர் உயரத்தில், வீடுகள் சூழ நகருக்குள்ளேயே அமைந்தது. அதை மாற்றி சின்ச்சேரோவில் புதிதாகக் கட்டும் யோசனை பல பத்தாண்டுப் பழையது. 2012-இல் உமாலா அரசு அதற்குச் சட்டவடிவம் கொடுத்தது. அடுத்த ஆண்டுக்குள் சுமார் 350 ஹெக்டேர் நிலம் கைமாறியது. யனகோனா சபையின் முடிவோடு வந்த பணம் உறுப்பினர் குடும்பங்களுக்குப் பங்கிடப்பட்டது. உருளைக்கிழங்கு விளைச்சலை மட்டும் நம்பிய ஒரு குடும்பம் தலைமுறைகளாகச் சேர்த்திராத தொகை அது. அதில் பிள்ளைகளின் படிப்பும் குஸ்கோவில் வீட்டுமனையும் வாகனமும் வந்தன. சாலையோரத்தில் மண்சுவரும் ஓடும் இருந்த இடத்தில், விடுதி நடத்தும் எதிர்பார்ப்போடு செங்கல்லும் கான்கிரீட்டுமாக மாடிகள் எழுந்தன. பழைய ஊரின் தோற்றத்தைக் காக்கும் தொல்லியல் விதிகளுக்கும் இந்தக் கட்டடங்களுக்கும் இடையிலான இழுபறி இன்றும் தொடர்கிறது.

பணம் வந்தது; விமானம் வரவில்லை. 2014-இல் குந்தூர் வாசி என்ற நிறுவனத்துக்குக் கட்டுமானமும் இயக்கமும் ஒப்படைக்கப்பட்டன. நிதி ஏற்பாட்டை மாற்றிய துணை ஒப்பந்தம் அரசுக்கு நட்டம் என்று தலைமைத் தணிக்கை அலுவலகம் ஆட்சேபித்தது, போக்குவரத்து அமைச்சராக இருந்த மார்ட்டின் விஸ்கார்ரா 2017 மே மாதத்தில் பதவி விலகினார், ஒப்பந்தமும் ரத்தானது. அந்த நிறுவனம் சர்வதேச நடுவர் மன்றத்துக்குச் சென்று 2023-இல் பெருவுக்கு எதிரான தீர்ப்பைப் பெற்றது. 2018-இல் குடியரசுத் தலைவர் ஆன விஸ்கார்ரா, விட்ட வேலையை மறுபடி எடுத்தார். திட்ட மேலாண்மை 2019-இல் அரசுகளுக்கு இடையிலான உடன்படிக்கை மூலம் தென்கொரியாவுக்குச் சென்றது. ஹூண்டாய் தலைமையிலான கூட்டு நிறுவனத்தோடு 2021-இல் கட்டுமான ஒப்பந்தம் கையெழுத்தானது. முடிக்க வேண்டிய ஆண்டு அதற்குப் பிறகும் தள்ளிக்கொண்டே போனது.

எதிர்ப்பாளர்களின் வாதங்கள் லேசானவை அல்ல. இந்த உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் விமானம் மேலெழ நீண்ட ஓட்டம் வேண்டும். ஓடுபாதைக்கு 4 கிலோமீட்டர் நீளம் திட்டமிடப்பட்டது அதனால்தான். அப்படியிருந்தும் தொலைதூர விமானங்கள் முழுச்சுமையோடு கிளம்ப முடியுமா என்று பொறியாளர்களே ஐயம் எழுப்பினர். ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் பேர் வந்துகொண்டிருந்த மாச்சு பிச்சு இதற்கு மேல் தாங்குமா என்பது அடுத்தது. இன்கா காலத்துப் படிக்கட்டு வயல்களும் பாதைகளும் வாய்க்கால்களும் சேர்ந்த நிலக்காட்சியே ஒரு தொல்லியல் சான்று, அதன் நடுவே தார்ப்பட்டையை இழுத்துவிட்டால் சுவரை மட்டும் காப்பதில் பொருளில்லை என்பது மூன்றாவது. இவை மூன்றும் சரியானவை என்றே நினைக்கிறேன். ஆயினும் விண்ணப்பங்களின் மொழியில் சின்ச்சேரோ பெரும்பாலும் ஒரு நினைவுச்சின்னமாகவே வந்தது. அங்கே கிழங்கு நட்டுப் பிழைப்பவருக்கு அதைவிட நல்ல பிழைப்பு எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு அவற்றில் விடை குறைவு. திட்டம் தாமதமானபோது குஸ்கோவிலும் சுற்றுப்புறத்திலும் வேலைநிறுத்தம் செய்தவர்கள், விமான நிலையத்தை வேண்டாம் என்பதற்காக அல்ல, விரைந்து கட்டு என்பதற்காகவே செய்தனர்.

சபை தவறான முடிவெடுத்ததா? சட்டப்படி அது தன் அதிகாரத்துக்கு உட்பட்டே நடந்தது. மேலும், மறுத்திருந்தால் அரசு கட்டாயமாக எடுத்துக்கொள்ளும் என்ற நிழல் பேச்சுவார்த்தையின் மேல் தொடக்கத்திலிருந்தே விழுந்திருந்தது. எனக்குப் படுவது வேறு. அய்னியும் ஃபயேனாவும் நிலம் பொதுவாக இருக்கும்வரைதான் கட்டாயம் ஆகின்றன. வாய்க்காலுக்கு அடியில் வயல் இல்லாதவனைத் தூர்வார அழைக்க முடியாது. பூமாகாவா கொடுத்தது ஆட்களையும் விசுவாசத்தையும்; அவற்றைத் திரும்பப் பெற முடிந்தது, 1814-இல் அவர் பெற்றும் காட்டினார். விற்ற நிலம் அப்படித் திரும்பாது. பங்கிட்டுச் செலவான தொகையைக் கொண்டு அடுத்த தலைமுறை எந்தச் சபையைக் கூட்டும் என்பது யனகோனாவின் உள்ளே இன்னும் விவாதிக்கப்பட வேண்டியது.

ஒப்பிட்டுப் பார்க்க ஊருக்கு அருகிலேயே மற்றோர் ஏற்பாடு இருக்கிறது. குஸ்கோ நகரின் குடிநீரில் கணிசமான பங்கு பியுராய் ஏரியிலிருந்து செல்கிறது. நெடுங்காலம் நீர் மட்டும் நகருக்குப் போனது, கரையிலிருந்த சமூகங்களுக்கு எதுவும் வரவில்லை. நீர்மட்டம் குறைந்தபோது சச்சரவும் வந்தது. 2013-ஐ ஒட்டிய ஆண்டுகளில், நகரவாசிகள் செலுத்தும் குடிநீர்க் கட்டணத்தின் ஒரு பகுதியை நீர்ப்பிடிப்புப் பகுதியைக் காக்க ஒதுக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. நீர் ஊறும் குழிகளை வெட்டுவதும், மரம் நடுவதும், மேய்ச்சல் நிலத்துக்கு வேலியிடுவதும் அந்தப் பணத்தில் நடக்கின்றன; உழைப்பைப் பங்கிடுவது அய்லுவின் பழைய வழக்கப்படியே. ஏரியும் கரையும் சமூகங்களிடமே இருக்கின்றன. புதிய ஓடுபாதைக்குச் சமப்படுத்திய நிலம் அதே மேட்டுநிலத்தில், அந்த ஏரியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் கிடக்கிறது.